வாரம் இரண்டு நாள் வைக்க வேண்டிய மருந்து

மருந்துக்கடைக்காரன் மேல் மெக்கானிக்குக்கு ஏழு வருஷமாக ஆறாத கோபம். அந்தத் தெரு வழியாகப் போனால் பட்டறைக்கு ஐந்து நிமிஷம். போக மாட்டார். பள்ளிக்கூடத்துச் சுவரைச் சுற்றி, மரக்கடைச் சந்துக்குள் புகுந்து, பத்து நிமிஷம் கூடுதலாக நடப்பார். தலைவலி மாத்திரை என்றால்கூட பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கிற கடைதான். "அந்தக் கடையில என்ன, மாத்திரையில மண்ணைக் கலக்குறானா?" என்று யாராவது கேட்டால், "மாத்திரையில இல்ல, வாயில கலக்குறான்" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது.

கடைக்காரன் சொன்னது மிஞ்சிப் போனால் மூன்று வாக்கியம். மீதிச் சில்லறையைத் தள்ளிக்கொண்டே சிரித்தபடி சொன்னான். கடையைச் சாத்துவதற்குள் அவனே மறந்தும் போயிருப்பான். ஆனால் அது மெக்கானிக்கின் மண்டைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தன் மனைவி செத்ததே அந்தப் பேச்சால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோபப்படுவதற்கு மனுஷனுக்கு ஒரு ஆள் வேண்டும். கண்ணாடியில் தெரிகிற ஆளோடு கோபித்துக்கொள்ள முடியுமா? ஷேவ் பண்ணவாவது தினமும் அவன் முகத்தில் முழித்தாக வேண்டுமே.

அவர் மனைவியைத் தையல் யூனிட்டில் எல்லோரும் காஜாக்கா என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைக்கிற யூனிட். ஒருவர் துணியை வெட்டுவார், ஒருத்தி காலர் வைப்பாள், ஒருத்தி கை இணைப்பாள், கடைசியில் சட்டை காஜாக்காவிடம் வரும். பட்டன் நுழைகிற துளைக்கு ஓரம் கட்டுவதுதான் காஜா. சட்டைக்கு ஏழு துளை. மெஷின் 'டர்ர்' என்று இரண்டு பக்கமும் தைத்து நடுவில் கத்தியை இறக்கும். கத்தி ஒரு நூல் தப்பி இறங்கினால் மொத்தச் சட்டையும் கழிசல். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கழித்த சட்டைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வேலை ஓடுகிறபோது வாயும் ஓடும். "என்னக்கா, உங்க வாய்க்கு ஒரு காஜா எடுத்து பட்டன் போட்ரலாமா?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்டால், "போடுங்க மாஸ்டர். பட்டன் உங்க சட்டையில இருந்துதான் வரணும். ஏற்கெனவே தொப்பை ரெண்டைத் தெறிக்க விட்டாச்சு" என்பாள். பதினெட்டுப் பெண்களும் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரிப்பார், தொப்பையை எக்கிக்கொண்டு.

நாற்பத்தொன்பதாவது வயதில் மாதவிலக்கு நின்றது. அவளுக்கு அது துக்கமாகவே இல்லை. "முப்பத்தஞ்சு வருஷ வேலை முடிஞ்சுது, பென்ஷன்தான் கிடையாது" என்று சொல்லி யூனிட்டில் எல்லோருக்கும் டீயோடு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை வியாதி மட்டும் கொஞ்சம் இருந்தது. அதற்குக் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அது தொடங்கியது. முதலில் ஒரு வறட்சி. பிறகு எரிச்சல். உட்கார்ந்தால் எரிச்சல், நடந்தால் உரசல், ஒண்ணுக்குப் போனால் மிளகாய் தடவினதுபோல. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் கால் மணியில் மறுபடி முட்டும்.

யூனிட்டில் பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். போகிறவள் கட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கட்டை ஆணியில் இல்லையென்றால் யாரோ உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம், அவள் வரும்வரை அடுத்தவள் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். காஜாக்கா ஒரு காலைப் பொழுதில் ஐந்து தடவை கட்டையை எடுத்தபோது சூப்பர்வைசர் சொன்னார்:

"காஜாக்கா, கட்டையை உங்க இடுப்புலயே கட்டி விட்டுரவா?"

"கட்டுங்க சார். கூடவே உங்க ஆபீஸ் ரூம் சாவியையும் தொங்க விடுங்க. அங்க ஒரு நல்ல பாத்ரூம் சும்மா கிடக்குதுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து காஜாக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் ஒரு டம்ளர், சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மடக்கு. அவ்வளவுதான். கட்டையை எடுக்க வேண்டாமே.

இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு, கட்டிக்கொடுத்த மகளின் அறைக்குப் போய்விட்டாள். "உங்க குறட்டை தாங்க முடியல" என்றாள். முப்பது வருஷமாகத் தாங்கின குறட்டை. அதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை அவர் கிட்டே போனபோது அவள் பல்லைக் கடித்ததும், ஒருநாள் விரிப்பில் சொட்டு ரத்தம் இருந்ததும் அவருக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. தண்ணீர் மோட்டார் ஒன்று சத்தம் போட்டால் காதை வைத்தே பேரிங் போச்சா, புஷ் போச்சா என்று சொல்லிவிடுகிற மனுஷர். வீட்டில் ஒருத்தி சத்தமே போடாமல் தேய்ந்துகொண்டிருந்ததை அவரால் கேட்க முடியவில்லை. 'வயசாச்சுன்னு என்னை ஒதுக்கிட்டா' என்று முடிவு கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு கூட, சட்டையில் மடிப்புச் சரியில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். அவளும் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள். யூனிட்டில் பதினெட்டுப் பேரைச் சிரிக்க வைக்கிறவள் வீட்டில் "சாப்பாடு வச்சிருக்கேன்", "கேஸ் வந்துருச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒரு வருஷத்துக்குள் நான்கு தடவை மூத்திரத்தில் கிருமி என்று காய்ச்சல் வந்து, நான்காம் தடவை ரத்தமும் கலந்து போனபோதுதான் அவள் லேடி டாக்டரிடம் போனாள். அவரும் கூடப் போனார். அறைக்குள் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து அவள் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"என்ன சொல்லுச்சு?"

"பொம்பளைங்க சமாச்சாரம்தான். மாத்திரை அஞ்சு நாளைக்கு. ஒரு க்ரீம் எழுதியிருக்காங்க. நான் இப்படியே யூனிட்டுக்குப் போறேன், அரை நாள் லீவுதான் குடுத்தாங்க. நீங்க மருந்தை மட்டும் வாங்கி வச்சிருங்க."

"பொம்பளைங்க சமாச்சாரம்" என்று சொன்ன பிறகு ஒரு ஆம்பளை என்ன கேட்பான்? சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரன் சீட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு டியூப்பையும், கூடவே ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரி ஊசியில்லாத ஒரு பிளாஸ்டிக் குழாயையும் எடுத்து வந்து காகிதத்தில் சுற்றினான். இவர் மோட்டார் மெக்கானிக் என்று அவனுக்குத் தெரியும். அவன் கடை மோட்டாரே இவர் கை பட்டதுதான்.

"அண்ணே, இது என்னன்னு தெரியுதா? காஞ்சு போன மெஷினுக்குப் போடுற கிரீஸ். இனிமே உங்க காட்டுல மழைதான் போங்க."

மெக்கானிக்குக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஓஹோ, அவளுக்கு இதுதான் கஷ்டமா, அதனால்தான் ஒதுங்கிப் போனாளா, இப்போது அவளே டாக்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறாளா! பட்டறையை நேரத்தோடு பூட்டினார். நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பழைய பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார். காலையில் பண்ணின ஷேவிங்கை மறுபடி பண்ணினார். "என்னங்க, யாராவது வராங்களா?" என்று அவள் கேட்டாள். "சும்மா, அரிச்சுது" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் டியூப்பை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தது இது. முதல் இரண்டு வாரம் தினமும், படுக்கும்போது அந்தக் குழாயில் அளவாக எடுத்து உள்ளே வைக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டே நாள். சட்டென்று குணம் தெரியாது, சில வாரம் ஆகும். தோல் தேறுகிறவரை வீட்டுக்காரரோடு அவசரப்பட வேண்டாம். இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. முழுசாகச் சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். பாதி வேலையில் துணியைக் கையில் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சரியாகத்தான் வந்தது. ஒரு மாதத்தில் எரிச்சல் குறைந்தது. இரண்டாம் மாதம் அவள் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வாங்கினாள். சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னாலேயே நின்று மடக்கு மடக்காகக் குடித்தாள். காலை முழுக்க ஒரே ஒரு தடவை கட்டையை எடுத்தாள். நடையில் பழைய வேகம் வந்தது. வீட்டில் பாத்திரம் கழுவுகிறபோது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தாள். மெக்கானிக் இதையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, அலமாரியில் இருந்த டியூப்பையும் பார்த்தார்.

டியூப் அடியிலிருந்து சுருண்டுகொண்டே வந்தது. முதல் டியூப் தீர்ந்து இரண்டாவது வந்தது. இரண்டாவதும் சுருண்டது.

இங்கேதான் அவர் தொழில் அவர் கழுத்தைப் பிடித்தது. வேறு வேலை பார்க்கிற ஒருவன் இப்படி நினைத்திருக்க மாட்டான். கிரீஸ் எப்போது குறையும்? மெஷின் ஓடினால் குறையும். நிறுத்தி வைத்த மோட்டாரில் பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் வைத்த கிரீஸ் வைத்தபடி இருக்கும். தன் வீட்டில் மெஷின் நின்று மூன்று வருஷமாகிறது. அப்படியானால் டியூப் ஏன் குறைகிறது?

முதலில் அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். அம்பத்துநாலு வயசுக்காரியைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது என்று. ஆனால் அந்த மாதிரி நினைப்புக்கு வயசும் தெரியாது, வெட்கமும் கிடையாது. ஒருநாள் யூனிட் வாசலில் அவளை அழைத்துவரப் போனார். அவள் கட்டிங் மாஸ்டரோடு பேசிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். கணவன் முகத்தில் கடுகு வெடிக்கிறதைப் பார்த்தால் எவள்தான் சிரிப்பாள்? அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது டியூப் வந்தது. ஒரு சனிக்கிழமை அவள் யூனிட்டுக்கு அரை நாள் லீவு போட்டாள். எங்கே போனாள் என்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்தவள் தலைக்குச் சாயம் அடித்தாள். கட்டிலுக்கு என்று புது விரிப்பு ஒன்றும் வாங்கி வந்திருந்தாள், நீலத்தில் வெள்ளைக் கோடு. அதைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். மெக்கானிக் இதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளை. அவள் சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் டியூப்பைக் கொண்டுபோய் அடுப்புத் திட்டின்மேல் வைத்தார்.

"இது எத்தனாவது?"

"மூணாவது. ஏன்?"

"மூணு தீர்ற அளவுக்கு என்ன ஓட்டம்?"

"என்னது?"

"நான் மோட்டார் மெக்கானிக். ஓடாத மோட்டார்ல கிரீஸ் குறையாது. நம்ம வீட்ல மோட்டார் நின்னு மூணு வருஷமாச்சு. இது எங்க போய் ஓடுது? யாரோட ஓடுது?"

அவள் முதலில் சிரித்துவிட்டாள். அவர் ஏதோ வேடிக்கை பண்ணுகிறார் என்றே நினைத்தாள். வெகு நாள் கழித்து வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு என்று அவள் முகம் மலர்ந்ததை அவர் கண்ணால் பார்த்தார். அந்த முகம்தான் இன்றைக்கும் அவரைத் தூங்கவிடாத முகம். பிறகு அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வற்றிப் போனது.

அவள் கத்தவில்லை. அழவில்லை. சட்டியில் கையைக் கழுவி, துணியில் துடைத்தாள். டியூப்பை எடுத்தாள், குழாயை எடுத்தாள், இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டாள். அதன்மேல் காய்த் தோலையும் அள்ளிப் போட்டாள்.

"இனிமே குறையாது. போதுமா?"

மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். நீல விரிப்பு மாடியிலிருந்து இறங்கி வந்து மடித்தபடியே பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் இல்லை. சோறு வந்தது, சட்டை துவைத்து வந்தது, மகள் வந்தால் இரண்டு பேரும் சிரித்த முகம் காட்டினார்கள். மூன்று நான்கு மாதத்தில் எரிச்சல் திரும்பி வந்தது. காய்ச்சலும் திரும்பி வந்தது. லேடி டாக்டரிடம் அவள் போகவில்லை. போனால் க்ரீம் என்ன ஆச்சு என்று கேட்பார்களே. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பெரிய தண்ணீர் பாட்டிலை யூனிட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்தாவது மாதம் மெஷின் முன்னாலேயே நடுங்கிச் சாய்ந்தாள். அந்தச் சட்டையில் கத்தி துளையை விட்டுத் தப்பி இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி மூத்திரப் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது. சர்க்கரையும் இருந்ததால் அது இன்னும் வசதியாக ஏறியது. ஒரு வாரம் கழித்து அனுப்பும்போது லேடி டாக்டர் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் அறைக்குள் போனார்.

"க்ரீமை ஏன் நிறுத்துனாங்க? கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

"இல்ல டாக்டர், அது... இப்ப நாங்க... அதுக்கு வேலை இல்லைன்னு..."

"எதுக்கு வேலை இல்லை?"

அவர் தரையைப் பார்த்தார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மேஜைமேல் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, அது நீங்க நினைக்கிறதுக்கு இல்லை. மாதவிலக்கு நின்னா உடம்புல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடும். அது குறைஞ்சா அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு, வறண்டு, லேசா உரசினாலே கீறல் விழும். ஒண்ணுக்குப் போற வழியும் அங்கதான். கிருமி சுலபமா ஏறும். அந்தக் குறைஞ்ச சத்தை அந்த இடத்துக்கு மட்டும் குடுக்குறதுதான் இந்த க்ரீம். ரத்தத்துல போறது ரொம்பக் கொஞ்சம். மார்புல கட்டி உண்டா, நின்ன பிறகு ரத்தப்போக்கு உண்டா, எல்லாம் பார்த்துட்டுத்தான் எழுதினேன். நல்லாத் தேறிட்டு வந்தாங்க. வாரம் ரெண்டு நாள், விடாம வைக்கணும். புருஷன் பக்கத்துல இருந்தாலும் வைக்கணும், பரதேசம் போயிருந்தாலும் வைக்கணும்."

"புருஷன் இல்லாதவங்களுக்குமா?"

"கன்னியாஸ்திரிக்கே எழுதிக் குடுத்திருக்கேன், ஐயா."

டாக்டர் பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒரு சனிக்கிழமை வந்திருக்காங்க. பார்த்தேன், தோல் நல்லா ஆறியிருந்துச்சு. 'இனிமே வீட்டுக்காரரோட இருக்கலாமா'ன்னு கேட்டிருக்காங்க. இருக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அப்புறம் வரவே இல்லை."

சனிக்கிழமை. சாயம் அடித்த தலை, மாடியில் காய்ந்த விரிப்பு. மறுநாள்தான் அவர் அதைக் கேட்டார்.

அன்றைக்கே பஸ் நிலையத்துக் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கினார். வீட்டில் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையணைப் பக்கத்தில் வைத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கு? உங்க பட்டறைக்கா?"

"டாக்டர் சொல்லுது, வச்சே ஆகணுமாம்."

"டாக்டர் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சொல்ல வேண்டியது ஒரு வரிதான். தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வரி. ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த வரியை யாரிடமும் அவர் சொன்னதில்லை. மோட்டாரைக் கெடுத்துவிட்டால்கூட 'வயரிங் சரியில்லை' என்பார்.

"நான் என்ன சொல்றது? வச்சுக்கோ" என்றார். "பட்டறையில ஆள் காத்துட்டிருக்கு" என்று வெளியே வந்துவிட்டார். பட்டறையில் யாரும் காத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து, விளக்கைப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

டியூப் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் பெருக்கும்போது எடுப்பாள், பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைப்பாள். மூடியைத் திறக்கவே இல்லை. வீம்பு என்று சொல்லலாம். அவளைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பாள். அவரும் தினமும் பார்த்துக்கொண்டு போவார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். டியூப்பின் மேல் அச்சடித்திருந்த தேதி கடந்து போனது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஜன்னலோரக் கட்டில். கையில் டிரிப், கீழே ஒரு பை தொங்கியது. மகள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் மெக்கானிக்கின் தங்கைதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த தெருவில் இருக்கிறவள். அவள் கணவர் வேன் ஓட்டுகிறவர். வாரம் ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து போவாள். நாத்தனாரும் அண்ணியும் சமையல்கட்டில் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் அவர் வெளியே போய்விடுவார்.

நான்காம் நாள் பிற்பகல். பார்வையாளர் நேரம். காஜாக்காவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிக் கண் தெளிவாக இருந்தது. தங்கை டீ வாங்கக் கீழே போயிருந்தாள். மெக்கானிக் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதை இன்றைக்கு எப்படியும் துப்பிவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

"இந்தா... அன்னைக்கு நான் கேட்டது..."

"உங்க தங்கச்சி கீழ போயாச்சா?"

"ம். டீ வாங்க. நான் என்ன சொல்றேன்னா..."

"அவ வர்றதுக்குள்ள நான் சொல்லிடறேன். மூச்சு வாங்குது, குறுக்கப் பேசாதீங்க." உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டாள். "அவளுக்கும் என்னோடதுதான்."

"என்னது?"

"என்ன என்னது. எரிச்சல், வறட்சி. ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டதான் அழுதா. நான்தான் அந்த டாக்டர்கிட்ட அனுப்பினேன்."

"நீ அனுப்பினியா? நீயே வைக்காம..."

"நான் வைக்கலைன்னா அவளும் சாகணுமா?" என்றாள் காஜாக்கா. கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "ஒரு மாசம் வச்சா. நல்லாயிட்டு வந்துச்சு. இப்ப நிறுத்திட்டா. உங்க மச்சான் டியூப்புல பேனாவால கோடு போட்டு வச்சிருக்காராம். வேன்ல டீசல் அளக்குற மாதிரி."

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்த ஆளு என் தங்கச்சியைச் சந்தேகப்படுறானா? இப்பவே போய்ச் சட்டையைப் பிடிச்சு..."

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"சட்டையைப் பிடிக்க உங்களுக்கு என்ன இருக்கு? அவர் கோடு போட்டாரு, நீங்க போடல. அவ்வளவுதான் வித்தியாசம்."

பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ நர்ஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"அப்ப என்ன பண்ணணும்கற?"

"நீங்க போய் மச்சான்கிட்டப் பேசணும்."

"நானா? இதையா? தங்கச்சி புருஷன்கிட்டயா? டாக்டரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாமே."

"டாக்டர் சொன்னா அவருக்கு ஏறாது. லேடி டாக்டர்னா உள்ளயே வர மாட்டாரு, வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. உங்க மேல மரியாதை வச்சிருக்காரு."

"என்னன்னு சொல்றது? எனக்கு அதெல்லாம் சொல்ல வராது."

"மருந்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம். அன்னைக்கு சமையல்கட்டுல நீங்க என்னைக் கேட்டீங்கல்ல, அதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம. அப்புறம் நான் எங்க படுத்திருக்கேன்னு சொல்லுங்க."

"அதை எப்படி இன்னொருத்தர்கிட்ட என் வாயால..."

"என்கிட்ட சொன்ன வாய்தானே."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. காஜாக்கா டிரிப் போடாத கையை நீட்டி அவர் முழங்காலைத் தட்டினாள். மெஷினில் துணியை நகர்த்துகிறபோது தட்டுகிற மாதிரி, லேசாக, இரண்டு தட்டு.

"அழுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். மச்சான் இந்நேரம் வண்டியை விட்டுட்டு வீட்லதான் இருப்பாரு. அவ டீயோட மேல வர்றதுக்குள்ள கிளம்புங்க. நாளைக்குன்னா நீங்க போக மாட்டீங்க. இன்னைக்கே போங்க."